எட்டடி ஹாலுக்கு எந்த டி.வி.?



இ.சி.இ. படிக்கும் எவரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. செமஸ்டர் வினாத்தாளில் அது வராது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பார், ஊரிலிருந்து சித்தப்பா போன் போட்டுக் கேட்பார். "தம்பி, நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? புதுசா டி.வி. வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லேன்!"

ஏதாவது ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி நழுவிவிடுவது சுலபம். ஆனால் கேட்பவர் கொடுக்கப்போவது ஒரு மாதச் சம்பளம். சில வீடுகளில் ஒரு வருஷத் தவணை. நம் படிப்பு வீட்டுக்கு நேரடியாக உதவும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் பதிலைக் கணக்குப் போட்டே சொல்வோம். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று கறுப்பு வெள்ளைதான். டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த 1982இல் கலர் வந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளின் பெட்டிகளே அப்போது பல வீடுகளில் இருந்தன. 2006இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 14 இன்ச் கலர் டி.வி.

அந்தக் காலத்தில் எந்தப் பெட்டி வாங்கினாலும் அதில் வரும் சிக்னல் ஒன்றேதான்: பால் முறையில் 625 கோடுகள். ஆகவே "எத்தனை இன்ச்?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்றைக்கு அட்டைப்பெட்டியைப் பார்த்தால் எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி., 4 கே, கியூ.எல்.இ.டி., எச்.டி.ஆர். என்று தலை சுற்றுகிறது. எங்கள் மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி போய் பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே சாம்சங் தொழிற்சாலை 2007இலேயே வந்துவிட்டது. டி.வி. பக்கத்து ஊரிலேயே தயாராகிறது, அட்டைப்பெட்டி பேசும் பாஷைதான் நமக்குப் புரிய மாட்டேன் என்கிறது!

புள்ளிக் கணக்கு

திரையில் தெரியும் படம் பிக்ஸல் எனப்படும் புள்ளிகளால் ஆனது. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் மொத்தப் புள்ளிகள் கிடைக்கும்.

சாதாரண எஸ்.டி. சேனல்: 720 x 576 = 4,14,720
எச்.டி. ரெடி டி.வி.: 1366 x 768 = 10,49,088
ஃபுல் எச்.டி.: 1920 x 1080 = 20,73,600
4 கே: 3840 x 2160 = 82,94,400

கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். சரியாக 20 வரும். அதாவது எஸ்.டி. சேனலை 4 கே டி.வி.யில் போட்டால், வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியையும் வைத்து டி.வி. 20 புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். சிக்னலில் இல்லாத 19 புள்ளிகளை அது எங்கிருந்து கொண்டுவரும்? அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துப் போடுகிறது. இதற்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். நல்ல டி.வி. நன்றாக ஊகிக்கும், மட்டமான டி.வி. முகத்தை மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிடும். எதுவானாலும் ஊகம் ஊகம்தான்.

கண்ணின் கணக்கு

கண் டாக்டர் 6/6 என்று எழுதித் தருகிறாரே, அந்தப் பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.00029. எட்டு அடி என்பது 2438 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 0.71 மி.மீ. எட்டடி தூரத்தில் இதைவிடச் சின்னப் புள்ளியைக் கண் தனியாகப் பார்க்காது.

இனி டி.வி.யின் புள்ளிகளைப் பார்ப்போம். 32 இன்ச் எச்.டி. ரெடியில் ஒரு புள்ளி 0.52 மி.மீ. 43 இன்ச் ஃபுல் எச்.டி.யில் 0.50 மி.மீ. 55 இன்ச் ஃபுல் எச்.டி.யில் 0.63 மி.மீ. எல்லாமே 0.71-க்குள் அடங்கிவிட்டன! ஆக, எட்டடி தள்ளி உட்கார்ந்தால் 43 இன்ச்சில் ஃபுல் எச்.டி.க்கும் 4 கே-க்கும் புள்ளி வித்தியாசம் தெரியாது. ஐந்தரை அடிக்குள் வந்தால்தான் தெரிய ஆரம்பிக்கும். முழுசாகத் தெரிய மூன்றடிக்குள் போக வேண்டும். அவ்வளவு கிட்டே போய் உட்கார்ந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார்! (ரொம்பக் கூர்மையான பார்வை உள்ளவர்களுக்கு இந்தத் தூரம் கொஞ்சம் கூடும்.)

எங்கள் வீட்டுக் கணக்கு

காமாட்சி அம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் வீடு. பழைய 21 இன்ச் டியூப் டி.வி. கண்ணை மூடியதும், அம்மா போட்டிருந்த சீட்டுப் பணம் 30 ஆயிரத்தை வைத்துப் புதுசு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. அம்மாவின் தம்பி அப்பாவிடம், "மாமா, வாங்குறதே வாங்குறீங்க, 55 இன்ச் 4 கே-வா வாங்கிடுங்க. மிச்சத்த மாசா மாசம் கட்டிக்கலாம்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "ஜூன்ல தங்கச்சிக்குப் பீஸ் கட்டணும்டா. நீ படிச்சவன், நீ சொல்லு" என்றார்.

டேப்பை எடுத்து அளந்தேன். சோபாவிலிருந்து சுவர் எட்டு அடி. கேபிள் பாக்ஸ் எஸ்.டி. அதிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போனில் வரும் தினசரி 1.5 ஜி.பி. மட்டும். 4 கே படம் பார்க்க விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 15-ஐ 3600-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 6,750 மெகாபைட், கிட்டத்தட்ட 7 ஜி.பி. எங்கள் டேட்டாவில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. 4 கே வாங்கினால் அதில் காட்ட 4 கே படம் வேண்டாமா?

அப்படியானால் 32 இன்ச் போதுமே என்றுதான் கணக்கு சொன்னது. ஆனால் பாட்டி இருக்கிறார். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆனவர். நியூஸில் கீழே ஓடும் வரியைப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்குப் புள்ளிகள் கூடுவதால் லாபமில்லை, எழுத்து பெரிதாக வேண்டும். 32-இலிருந்து 43-க்குப் போனால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது. ஆகவே 43 இன்ச் ஃபுல் எச்.டி., கூடவே எச்.டி. பாக்ஸ், அதிலிருந்து டி.வி.க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் என்று முடிவானது. எல்லாம் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. தங்கை பீஸில் யாரும் கை வைக்கவில்லை.

இதில் பலரும் கவனிக்காதது அந்த பாக்ஸைத்தான். சன் டி.வி. 2011இலேயே எச்.டி. சேனல் தொடங்கிவிட்டது. ஆனால் பழைய எஸ்.டி. பாக்ஸையும் மஞ்சள் வயரையும் மாட்டிக்கொண்டு, "புது டி.வி.ல படம் மங்கலா இருக்கே" என்று டி.வி.யைத் திட்டுவதில் என்ன நியாயம்?

கடையில் கவனிக்க வேண்டியவை

1. கடையில் ஓடுவது கிளியும் பூவும் உள்ள டெமோ படம். வெளிச்சமும் உச்சத்தில் இருக்கும். "அண்ணே, சாதாரண கேபிள் சேனல் ஒண்ணு போடுங்க" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பழகிய படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பிக்சர் மோடை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

2. பக்கவாட்டில் நின்றும், தரையில் உட்காரும் உயரத்திலிருந்தும் பாருங்கள். நம் ஹாலில் எல்லோரும் நேர் எதிரே உட்காருவதில்லை. ஐ.பி.எஸ். பேனலில் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும்.

3. எல்.இ.டி. டி.வி. என்பது பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்த எல்.சி.டி.தான். கியூ.எல்.இ.டி.யும் அதே எல்.சி.டி.தான், குவாண்டம் டாட் படலம் மட்டும் கூடுதல். (அந்தக் குவாண்டம் டாட்டுக்குத்தான் 2023இல் வேதியியல் நோபல் பரிசு.) ஓ.எல்.இ.டி.யில் மட்டுமே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ண வேண்டாம்.

4. எச்.டி.ஆர். என்று எழுதியிருந்தால் அந்த சிக்னலை டி.வி. புரிந்துகொள்ளும் என்று மட்டும் அர்த்தம். அதைக் காட்டும் அளவுக்குத் திரைக்கு வெளிச்சம் உண்டா என்பது வேறு விஷயம். எத்தனை நிட்ஸ் என்று கேளுங்கள்.

5. ஸ்மார்ட் வசதி பழசாகும், ஆப் வேலை செய்யாமல் போகும். அப்போது எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் ஒரு ஸ்டிக் மாட்டிச் சமாளிக்கலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது. ஆகவே பேனலுக்கு எத்தனை வருஷ வாரண்டி, சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா என்பதைப் பில்லோடு எழுதி வாங்குங்கள்.

6. நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். தினம் 5 மணி நேரம் ஓடினால், 50 வாட் டி.வி. இரண்டு மாதத்தில் 15 யூனிட், 120 வாட் டி.வி. 36 யூனிட் இழுக்கும்.

7. "32-க்கு மேல் போனால் வரி அதிகம்" என்பது பழைய செய்தி. பெரிய டி.வி.க்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.

ஒரே விலையில் ஃபுல் எச்.டி.யும் 4 கே-யும் கிடைத்தால் 4 கே-யை எடுங்கள், தப்பில்லை. அதற்காகக் கடன் வாங்குவதுதான் வீண்.

வாங்கிய பிறகு

வெளிச்சத்தை உச்சத்தில் வைக்காதீர்கள். பின்விளக்கில் எல்.இ.டி.கள் சீரிஸில் இருக்கின்றன. ஒன்று ஓப்பன் ஆனால் அந்த வரிசையே அணைந்துவிடும். "சவுண்ட் வருது, படம் வரல" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நம் லேப் பாடம்தானே!

பழைய டியூப் டி.வி.யைத் தெரு முனையில் போட்டு உடைக்க விடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் சேருங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை யாராவது "எந்த டி.வி. நல்லது?" என்று கேட்டால் கம்பெனி பெயரைச் சொல்லாதீர்கள். திருப்பி மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள்? வீட்டுக்கு என்ன சிக்னல் வருகிறது? யார் யார் பார்க்கப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் டி.வி. தானே முடிவாகிவிடும். கையில் ஒரு டேப்பும் கால்குலேட்டரும் இருந்தால், ஒரு குடும்பத்தின் சில ஆயிரம் ரூபாயை நம்மால் மிச்சப்படுத்த முடியும். நம் டிப்ளமோவுக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே கிடைக்கிற முதல் சம்பளம் அதுதான்!