உள்ளே இருந்து ஒட்டுப் போடு!
(குடலிறக்க ஆபரேஷன் பற்றி ஒரு மெக்கானிக்கல் மாணவன்)



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வயிற்று ஆபரேஷனில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் நாம் கணக்குப் போடும் அழுத்தக் கலன் மாதிரிதான் வயிறும். உள்ளே அழுத்தம், சுற்றிலும் தசையும் நார்ச்சவ்வும். அந்தச் சவ்வு நைந்து ஓட்டை விழுந்தால் குடல் அதன் வழியே பிதுங்கும். தோல் கிழியாது, பந்து போலப் புடைக்கும். இதுதான் ஹெர்னியா. "குடல் இறங்கிடுச்சு" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பழைய ஆபரேஷன் தழும்பிலும் இது வரும்.

என் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. தைத்தார்கள். இரண்டு வருஷத்தில் அதே இடம் மறுபடி பிதுங்கியது. "குடம் தூக்கினே, அதான்" என்று தெருவே அம்மாவைக் குறை சொன்னது.

கணக்குப் பார்ப்போம். பலமாக இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதுண்டு. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 0.0133 நியூட்டன். ஓட்டை 5 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 1963 ச.மி.மீ. பெருக்கினால் 26 நியூட்டன். ஒவ்வொரு இருமலுக்கும் இரண்டரை கிலோவுக்கு மேல் அங்கே இடிக்கிறது! விளிம்புகளை இழுத்துத் தைத்தால், நூல் ஏற்கனவே நைந்த சவ்வைத்தானே பிடித்து நிற்க வேண்டும்? நூல் தாங்கினாலும் சவ்வு கிழியும். நெதர்லாந்து டாக்டர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தழும்புக் குடலிறக்கத்தைத் தைத்து மட்டும் மூடியவர்களில் 43 சதவீதம் பேருக்கு 3 வருஷத்துக்குள் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 24 சதவீதம். பழியெல்லாம் குடத்தின் மேல் போடுவது என்ன நியாயம்?

சைக்கிள் டயர் கிழிந்தால் பஞ்சர் கடை அண்ணன் என்ன செய்கிறார்? பழைய டயர் துண்டை வெட்டி உள்பக்கம் வைக்கிறார். காற்று ஏற ஏற துண்டு அழுந்தி உட்காரும். லேப்ராஸ்கோப்பி முறையும் இதேதான். அமெரிக்க டாக்டர் கார்ல் லெப்ளாங்க் 1993-ல் இதை எழுதினார். பழைய தழும்பைத் திறப்பதில்லை. தள்ளி, பக்கவாட்டில் 5 முதல் 12 மி.மீ. அளவில் சில துளைகள். கார்பன் டை ஆக்சைடை 12-15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சில் போய்விடும். கேமரா உள்ளே போனதும், வெளியே கைக்குத் தட்டாத சின்ன ஓட்டைகளும் தெரியும். வலையைச் சுருட்டி உள்ளே விட்டு விரித்து, ஆணி போன்ற சிறு பிடிகளாலும் தையலாலும் பொருத்துவார்கள். ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வேண்டும். 5 செ.மீ. ஓட்டைக்கு 15 செ.மீ. வலை! பிதுக்கித் தள்ளிய அதே அழுத்தம் இப்போது வலையைச் சுவரோடு அமுக்குகிறது.

வலை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற சாமான்தான். வெறுமனே வைத்தால் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குடல் படும் பக்கம் தனிப் பூச்சு உண்டு.

அம்மாவுக்கு இரண்டாம் தடவை இப்படித்தான் செய்தார்கள். சம்மதப் படிவத்தை வீட்டில் படிக்கத் தெரிந்த நான்தான் வாசித்துச் சொன்னேன். 'குடலில் துளை விழ வாய்ப்புண்டு' என்ற வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அது பொய்யில்லை. பழைய தழும்பில் குடல் ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது கிழியலாம். மிகப் பெரிய ஓட்டைக்கு இந்த முறை சரிவராது. திறந்து வலை வைப்பதைவிட இதில் திரும்ப வருவது பெரிதாகக் குறையவும் இல்லை. புண்ணில் சீழ் பிடிப்பதுதான் நன்றாகக் குறைகிறது.

வீட்டில் யாராவது துணியைக் கட்டி மறைத்துக்கொண்டிருந்தால் கேளுங்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும். நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.