கையெழுத்துப் போடும் முன்

பகவான் தாஸ் ஒரு தொழிலாளி. 1977-இல் பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவி லைன்மேனாகச் சேர்ந்தார்.

1994-இல் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. கம்பத்தில் ஏறுவது எப்படி? குடும்பத்தைக் காப்பாற்றுவது எப்படி?

1996 ஜூலையில் வாரியத்துக்குக் கடிதம் கொடுத்தார். தான் ஓய்வு பெறுவதாக எழுதினார். தனக்குப் பதிலாக மனைவிக்கு வேலை கேட்டார். வாரியம் அவரை ஓய்வில் அனுப்பியது. மனைவிக்கு வேலை கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொன்னது?

அந்தக் கடிதத்துக்கு முன்பே ஒரு சட்டம் வந்துவிட்டது. அது 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம். 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 47-ஆம் பிரிவு சொன்னது இது:

வேலையில் இருக்கும்போது ஒருவர் ஊனமுற்றால், அரசு நிறுவனம் அவரை நீக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லாவிட்டால், அவருக்காகவே ஓர் இடத்தை உண்டாக்கிச் சம்பளம் தர வேண்டும்.

பகவான் தாஸுக்கு இது தெரியாது. தெரிந்த அதிகாரிகள் அவரிடம் சொல்லவில்லை.

அவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆனாலும் விடவில்லை. 2008 ஜனவரி 4-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் தெரியாமல் கொடுத்த கடிதத்தைக் காட்டி வேலையைப் பறிக்க முடியாது. உரிமையை எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை. அவரை மீண்டும் வேலையில் சேர்த்து, பாக்கிப் பணத்தையும் கொடுக்க உத்தரவானது.

இன்று என்ன?

இப்போது இருப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 20-ஆம் பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது. இது அரசு வேலைக்கு உரியது. தனியார் கம்பெனிகளும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்.

யாரிடம் போவது?

மகாராஷ்டிராவின் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம் புனேயில்தான் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிக்கு வக்கீல் உதவி இலவசம். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அது சிவாஜிநகர் கோர்ட்டில் இருக்கிறது. கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறினால் சிவாஜிநகரில் இறங்கலாம்.

வேலையை விடுவதாக எழுதிய தாள் உங்கள் முன் வரலாம். முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் எழுதுங்கள்

1. பகவான் தாஸ் கடிதத்தில் என்ன கேட்டார்?
2. சட்டப்படி வாரியம் என்ன செய்திருக்க வேண்டும்?
3. இலவச வக்கீல் உதவி எங்கே கிடைக்கும்?