ஓடுகிற கிரைண்டரெல்லாம் நல்ல கிரைண்டர் இல்லை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. சுமார் 1.85 கோடி குடும்பங்களுக்குத் தருவதாகத் திட்டம். அப்போது வந்த கிரைண்டர்கள் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு வீடுகளில் இன்னும் மாவாட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முன்னால் கோவையிலிருந்து வந்த கனத்த கிரைண்டர்களும் உண்டு. இத்தனை வருஷம் உழைத்த பொருளைத் தூக்கிப்போட மனம் வராதது நியாயம்தான். ஆனால் மோட்டார் சுற்றுவது வேறு, கிரைண்டரின் உடலில் கரண்ட் கசியாமல் இருப்பது வேறு. இதை மறந்துவிடுவதால்தான் கீழே உள்ள ஐந்து நம்பிக்கைகளும் சமையலறையில் நிலைத்துவிட்டன.

நம்பிக்கை 1: லேசாக ஜிவ்வென்கிறது, அவ்வளவுதான். பழகிவிட்டது.

உண்மை: கிரைண்டரின் அடியில் உள்ள சீல் தேய்ந்தால் மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். மிக்ஸி ஜாரின் புஷ் தேய்ந்தாலும் இப்படித்தான். இன்சுலேஷன் ஊறி, கரண்ட் வெளி உடலுக்கு வந்துவிடும். உடம்பில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே ஜிவ்வென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். காய்ந்த தோல் கரண்டைப் பெருமளவு தடுக்கும். மாவில் உப்புப் போட்டுக் கரைத்த கையோடு, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலில் நிற்கும்போது உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது 230 வோல்ட் முழுதாக உடம்பில் ஏறினால் 230 மில்லி ஆம்பியர் பாயும். நேற்று ஜிவ்வென்ற அதே கிரைண்டர் இன்று ஆளைக் கொல்வது இப்படித்தான்.

நம்பிக்கை 2: எம்.சி.பி. போட்டிருக்கிறோம். ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடும்.

உண்மை: 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அதற்குக் கண்ணிலேயே படாது. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான வகையில், 30 மில்லி ஆம்பியர் வேறு வழியாகக் கசிந்தால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய கிரைண்டரைப் போட்டதும் அது விழுகிறது என்றால் கிரைண்டரில் கசிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 'சும்மா சும்மா விழுது' என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு டைரக்ட் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

நம்பிக்கை 3: நம்ம ஊர் உப்பு மண். எர்த் நன்றாகத்தான் எடுக்கும்.

உண்மை: இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த செய்தி. உப்புப் போட்டுப் பதப்படுத்திய தோலை ஊறவைத்த கழிவுநீர் பல ஆண்டுகளாகப் பாலாற்றங்கரையில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதாகச் சொன்ன ஆய்வைக் குறிப்பிடுகிறது. உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் கம்பி இணைப்பையும் அரித்துத் தின்னும். மேலே பார்த்தால் குழாய் இருக்கும், உள்ளே இணைப்பு அறுந்திருக்கும். எர்த் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, கிரைண்டரின் உடலில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

நம்பிக்கை 4: காலில் தோல் செருப்பு இருந்தால் ஷாக் அடிக்காது.

உண்மை: தோலோடு பிழைக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தண்ணீரைக் குடிக்கும். ஈரமும் உப்பும் ஏறிய தோல் கரண்டைத் தடுக்காது. மின் ஊழியர்கள் ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை மாட்டுவது ரப்பர் கிழியாமல் இருப்பதற்காகத்தான். ஷாக்கைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர். காய்ந்த ரப்பர் செருப்பு ஓரளவு உதவும். ஆனாலும் ஒரு கை கிரைண்டரிலும் மறு கை ஸ்டீல் சிங்க்கிலும் இருந்தால் கரண்ட் மார்பு வழியே பாயும், காலில் எது இருந்தாலும் பயனில்லை.

நம்பிக்கை 5: மூன்றாவது பின் சும்மா. உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் போட்டாலும் ஓடும்.

உண்மை: ஓடும், அதுதான் ஆபத்து. அந்தப் பின் மற்றவற்றைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அதை உடைத்தால் இரும்பு உடல் கொண்ட கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் எர்த்தே இல்லாமல் போகிறது. சுவிட்சை அணைத்தாலும் நிம்மதி இல்லை. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் பொருளுக்குள் கரண்ட் இருக்கும். துடைக்கும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய பொருட்களின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகரில் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் சரிசெய்யும்வரை அதைத் தொடாதீர்கள். எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை அணையுங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. 'கிரைண்டர்ல கரண்ட் அடிக்குது' என்று வீட்டில் முதலில் சொல்வது பெரும்பாலும் பெண்கள்தான். 'செருப்பு போட்டுக்கோ' என்று பதில் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். அவர்கள் சொன்ன அன்றே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஒரு வாரம் மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.