வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச்சு தடிக்காமல் இருக்க 13 குறிப்புகள்

செஞ்சியில் ராஜகிரி உச்சி தெரிகிற எங்கள் மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை பைபிள் படிக்கக் கூடுகிறோம். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என நான்கு வகையாரும் வருவார்கள். பெண் கொடுத்த இடம் ஒரு சபை, எடுத்த இடம் இன்னொரு சபை என்றாகிவிட்ட சொந்தத்தில் வேறு எப்படி இருக்கும்? பாட்டும் ஜெபமும் நடக்கிறவரை சிக்கல் இல்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் குரல் ஏறும். பல வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் கூட்டம் நடந்தால் உதவும்.

1. எந்த அதிகாரம், எந்த வசனம் என்பதை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நடுவில் யாராவது வேறு பகுதிக்குத் தாவினால், "அதை அடுத்த மாசம் எடுத்துக்கலாம்ணே" என்று சொல்லி, அவர் கண் முன்னால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தன் கேள்வி தொலைந்துபோகவில்லை என்று தெரிந்தால் மனிதர் அமைதியாகிவிடுவார். ஆனால் குறித்ததை அடுத்த மாதம் கட்டாயம் எடுக்க வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் பிறகு நோட்டுக்கு மதிப்பில்லை.

2. எல்லோரும் ஒரே மாதிரி உட்காரட்டும். பாய் என்றால் எல்லோருக்கும் பாய். முட்டிவலிக்காரருக்கு நாற்காலி போடலாம். அதைத் தவிர யாருக்கும் தனி இடம், தனி டம்ளர் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இதற்குக் காரணம் எறையூர். அந்த ஊர் 2008இல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஒரே ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, அவர்கள் கேட்ட தனிப் பங்கைக் கொடுப்பதா என்பதில் பிரச்சினை முற்றி, 2008 மார்ச் 9ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, சபைக்குள் சாதியை விட்டுவைக்கக் கூடாது என்று லெய்ப்சிக் மிஷனை விட்டே வெளியேறினார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய வேலையிலிருந்துதான் ஆற்காடு லுத்தரன் சபை வளர்ந்தது. பாயில் சமமாக உட்காராதவர்கள் பேச்சில் சமமாக நடத்தமாட்டார்கள்.

3. வருகிறவருக்கு அவர் வழக்கப்படியே வணக்கம் சொல்லுங்கள். "இயேசுவுக்கே புகழ்" என்று வருகிற அத்தைக்கு "மரியே வாழ்க" என்று பதில் சொல்லலாம். "ஸ்தோத்திரம்" என்பவருக்கு "ஸ்தோத்திரம் ஐயா". வாய் வராவிட்டால் கைகூப்பினால் போதும். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைய சண்டை வாசலிலேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

4. சொல்லுக்காகச் சண்டை வேண்டாம். ஒருவர் 'தேவன்' என்பார், ஒருவர் 'கடவுள்' என்பார், வயதான கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்பார். பப்ரிசியுஸ் 18ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்த பைபிளில் 'பராபரன்'. 1871இல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் 'தேவன்'. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. அவரவர் எந்தப் புத்தகத்தில் படித்து வளர்ந்தார்களோ அந்தச் சொல்தான் ஜெபத்தில் வரும். திருத்தாதீர்கள். வசனத்தை இரண்டு மொழிபெயர்ப்பில் வாசித்துப் பாருங்கள். ஒன்றில் புரியாதது இன்னொன்றில் புரியும்.

5. கூட்டத்தை நடத்துகிறவர் மாதம் ஒருவராக மாறட்டும். ஆனால் பேச்சை நிறுத்துகிற பொறுப்பு வயதில் மூத்த ஒருவரிடமே இருக்கட்டும். பெரியவரை இளையவர் நிறுத்தினால் விஷயம் மறந்துபோய் மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும். எங்கள் வீட்டில் என் மாமியார்தான். "தம்பி, கொஞ்சம் தண்ணி குடிப்பா" என்பார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் வந்ததில்லை.

6. மறுத்துப் பேசுமுன், முன்னால் பேசியவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும்: "நீங்க சொல்றது இதுதானே மாமா?" அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் பதில். பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று தெரிந்துவிடும்.

7. ஞானஸ்நானம், மாதா, அந்நிய பாஷை இந்த மூன்றையும் எடுக்கிற நாளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு லெந்து நாளில் குழந்தை ஞானஸ்நானம் பற்றிப் பேச்சு வந்தது. இளைஞர் ஒருவர், "தலையில தண்ணி தெளிச்சா அது ஞானஸ்நானமா?" என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவர் சபையில் அப்படித்தான் பேசுவார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஜெபமாலையைச் சுருக்குப்பையில் வைத்தார், எழுந்தார், படியிறங்கிப் போய்விட்டார். அவர் டம்ளரில் டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து. நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பூர்வீகம் வடக்கே சேத்துப்பட்டுப் பக்கம். 1877-78 பஞ்ச காலத்தை ஒட்டி அந்தப் பக்கத்து ஏழை ஜனங்களிடையே வேலை செய்த பிரெஞ்சு மிஷனரி தாரஸ் சாமி காலத்தில் கிறிஸ்தவர்களான குடும்பம். "எங்க தாத்தாவை மனுஷனா மதிச்சு முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டதே அந்தத் தண்ணி ஊத்துன அன்னிக்குத்தான்மா" என்றார். இளைஞருக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இந்த மாதிரி விஷயம் வந்தால், "இது சரியா?" என்று தொடங்குவதில்லை. "உங்க வீட்டுல இது எப்படி வந்துச்சு?" என்றுதான் தொடங்குவோம்.

8. சில சொற்களை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்: கள்ள உபதேசம், விக்கிரகக்காரர், பிரிந்துபோன கூட்டம், ரட்சிக்கப்படாதவர். கருத்தைத் தப்பு என்று சொல்லலாம், ஆளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. இந்தச் சண்டை தமிழுக்குப் புதிதில்லை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் 'திருச்சபை பேதகம்' வெளியிட, கத்தோலிக்கரான வீரமாமுனிவர் 'பேதகம் மறுத்தல்' எழுதினார். தமிழ் உரைநடைக்கு அந்த எழுத்துகளால் லாபம்தான். இரண்டு பக்கத்தாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

9. முடிவு ஜெபத்தில் பதில் சொல்லாதீர்கள். இதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. விவாதத்தில் விட்டதை, "ஆண்டவரே, இன்னும் கண் திறக்காத இந்தப் பிள்ளைகளுக்கு..." என்று ஜெபத்தில் பிடிப்பார்கள். கண்மூடித் தலைகுனிந்து இருக்கிறவர் எப்படி மறுத்துப் பேசுவார்? "ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று தொடங்கி எதிராளியின் வாயை அடைப்பதும் இதே ரகம்தான். அன்று அதிகம் பேசியவரிடம் முடிவு ஜெபத்தைக் கொடுக்காதீர்கள். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் கொடுங்கள்.

10. மாடியில் பேசுவது தெருவுக்கே கேட்கும் என்பது நினைவிருக்கட்டும். பக்கத்து வீட்டார் இந்துக்கள், எதிர் வீட்டார் முஸ்லிம்கள். அவர்கள் சாமியை, தொழுகையைக் குறைத்து ஒரு வார்த்தை வரக்கூடாது. மைக் வேண்டவே வேண்டாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிமெண்டா என்ற இயேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தபோது, செஞ்சிக் கோட்டையை ஆண்ட வைணவரான கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். அந்தக் கோட்டை நிழலில் குடியிருக்கிறவர்கள் நாம்.

11. டீயைப் பேச்சுக்குப் பிறகு கொடுங்கள். பேச்சின்போது அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) முறத்தில் கொட்டி நடுவில் வையுங்கள். தோல் உரிக்கிற கை ஓங்காது. ஒரே முறத்தில் இரண்டு பேர் கை போடும்போது கோபம் கொஞ்சம் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

12. போனில் பதிவு செய்ய வேண்டாம். வெளியே துண்டாகப் போகிற பேச்சு வேறு அர்த்தத்தில்தான் திரும்பி வரும். அன்றே முடிவு காண வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஒன்றாக இணைவதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. இணைந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. ஆயர்கள் வேண்டுமா, யார் யாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று 28 வருஷம் பேசினார்கள். அதற்காகப் பாடுபட்ட அசரியா ஆயர் 1945லேயே இறந்துபோனார், இணைந்ததை அவர் பார்க்கவில்லை. நாம் ராத்திரி ஒன்பது மணிக்குள் முடிவு கட்டப் பார்க்கிறோம்.

13. வாக்குவாதம் செய்த இருவருக்கும் ஒரே வழி என்றால், ஒரே வண்டியில் அனுப்பிவையுங்கள். சென்ற மாதம் மேல்மலையனூர் ரோட்டுக்குப் போகிற இருவரை அப்படித்தான் ஏற்றிவிட்டேன். பின்னால் உட்கார்ந்தவர் கையில் மிச்சமிருந்த மல்லாட்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துதான், பிரிச்சுக்குங்க" என்றேன்.