அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் சட்ட மாணவர் பயிற்சி: ஒரு தமிழ் நோக்கு

நம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று வெளியேறும் மாணவருள் சிலர் ஆண்டுதோறும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்கின்றனர். விடுமுறையில் நம்மைக் காண வரும்போது அவர்கள் தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்புவர்: ''ஐயா, ஆங்கிலமே கோலோச்சும் இடத்தில் தமிழ் படித்த எங்களுக்கு என்ன இடம்?'' இவ்வினாவுக்கு விடை காண, சட்ட மாணவர் அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் பெறும் பயிற்சியை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

பயிற்சியின் அமைப்பு

சட்டக் கல்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இந்திய வழக்குரைஞர் மன்றம் 2008ஆம் ஆண்டு வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பினர் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பினர் குறைந்தது 20 வாரங்களும் நேரடிப் பயிற்சி பெறுதல் வேண்டும். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் இப்பயிற்சி அமைதல் கூடாது. மாணவர் ஒவ்வொருவரும் பயிற்சி நாட்குறிப்பு எழுதி வருதல் வேண்டும். அதனைப் பயிற்சி தருபவரும் கல்லூரி ஆசிரியரும் மதிப்பிடுவர்.

தனி வழக்குரைஞர், நீதிமன்றம், சட்ட உதவி அமைப்பு எனப் பயிற்சிக்குரிய இடங்கள் பல. அவற்றுள் அரசுக்காக வழக்காடும் அலுவலகம் தனித்தன்மை வாய்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 165ஆம் உறுப்பு மாநிலந்தோறும் ஒரு தலைமை வழக்குரைஞர் இருத்தல் வேண்டும் என்கிறது. அவருக்குத் துணையாக உரிமையியல் வழக்குகளுக்கு அரசு வழக்குரைஞர்களும், குற்றவியல் வழக்குகளுக்குக் குற்றத்துறை வழக்குரைஞர்களும் உள்ளனர்.

மாணவர் ஆற்றும் பணி

குடிமகன் ஒருவர் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்கிறார் எனக் கொள்வோம். மனுவின் படி அரசு வழக்குரைஞரிடம் வந்து சேரும். அவர் உரிய துறைக்கு எழுதி, மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம் கேட்பார். துறையினர் அனுப்பும் பத்திவாரிக் குறிப்புகளையும் கோப்பையும் கொண்டு எதிருரை எழுதப்பெறும். அதில் துறை அலுவலர் உறுதிமொழி கூறிக் கையொப்பமிடுவார்.

இங்கே மாணவரின் பணி யாது? அவர் வழக்காட இயலாது. 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டப்படி பதிவு பெற்றவர்க்கே அவ்வுரிமை உண்டு. ஆயினும் அவர் செய்தற்குரியன பல. கோப்பைப் படித்து நிகழ்ச்சிகளைத் தேதிவரிசையில் அடுக்குதல், முன்தீர்ப்புகளைத் தேடுதல், சுருக்கக் குறிப்பு வரைதல், தமிழ் ஆவணத்திற்கு ஆங்கில வடிவம் தருதல் ஆகியன அவற்றுள் தலையாயவை.

தேதிவரிசை எளிய பணிபோல் தோன்றும், அன்று. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் தீர்ப்பாணையின்மீது உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாட்களே உண்டு. அஞ்சல் துறை தொடர்பான ஒரு வழக்கில், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்த காலத்தைத் தாமதத்திற்குரிய தக்க காரணமாக அரசு காட்ட இயலாது என்று 2012இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. எந்நாளில் எத்தாள் எவர் கையில் இருந்தது என்பதைப் பிழையின்றி எழுதித் தரும் மாணவர், அவ்வலுவலகத்திற்குக் கண்போன்றவர்.

தமிழறிவு பயன்படும் இடம்

உயர்நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்பது அரசமைப்பின் 348ஆம் உறுப்பால் அமைந்தது. சார்நிலை நீதிமன்றங்களிலோ, 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் தமிழுக்கு இடமளித்தது. ஊர் மக்களின் மனுக்கள், பத்திரங்கள், வருவாய்த் துறைப் பதிவேடுகள் ஆகியன தமிழிலேயே உள்ளன. எனவே, தமிழில் பிறந்த ஒரு வழக்கு ஆங்கிலத்தில் முடிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாயிலில் நிற்பவருள் ஒருவர் பயிற்சி மாணவர்.

பட்டா, சிட்டா, அடங்கல், நத்தம், புறம்போக்கு, ஒத்தி, கிரயம், பாகப்பிரிவினை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சட்ட நிலையைக் குறிப்பது. ஒத்தி என்பதைக் கிரயம் என்று பெயர்த்தால் அடைமானம் விற்பனையாகிவிடும். வக்கீல், வக்காலத்து, ஆஜர், அசல், நகல், தாவா, ரத்து, வாரிசு என நீதிமன்றத் தமிழில் வழங்கும் சொற்கள் பல அரபு மூலத்தின. பழைய பத்திரங்களில் 'மஜ்கூர்' என்றொரு சொல் வரும். 'மேற்குறித்த' என்பது அதன் பொருள். பசலி என்பது சூலை முதல் நாள் தொடங்கும் வருவாய் ஆண்டு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்பது 1990 சூலை முதல் 1991 சூன் முடிய. இதனை அறியாதவர் அடங்கலைக் கையில் வைத்திருந்தும் ஆண்டினை அறியார்.

'அனுபவம்' என்னும் ஒரு சொல்

நம் மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் நான்கு வாரப் பயிற்சி பெற்றார். திரும்பி வந்தபோது நம்மிடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசினார். வழக்கெண்ணையோ ஊரையோ பேரையோ அவர் கூறவில்லை, நாமும் வினவவில்லை.

முதிய பெண்மணி ஒருவர் தமிழில் தந்திருந்த மனுவில், மனை முப்பது ஆண்டுகளாகத் தம் அனுபவத்தில் இருப்பதாக எழுதியிருந்தார். ஆங்கில வடிவம் செய்தவர், அம்மனை பற்றி அவருக்கு முப்பது ஆண்டுப் பட்டறிவு உண்டு என்னும் பொருள்பட எழுதிவிட்டார். நில ஆவணத்தில் அனுபவம் என்பது பட்டறிவன்று. கைவசம் வைத்துத் துய்த்தல். வழக்கின் உயிரே அச்சொல்லில்தான் இருந்தது. பெயர்ப்பை நம்பி எழுதப்பெற்ற எதிருரை வரைவோ, மனுதாரர் கைவசம் இருப்பதாகக் கூறவேயில்லை என்றிருந்தது.

மாணவி அஞ்சினார். பிழை அரசுத் தரப்புக்குச் சாதகமானது. சுட்டிக்காட்டினால் தம் அலுவலகத்திற்கே கேடு சூழ்ந்தவர் ஆவோமோ என்று ஓரிரவு முழுதும் கலங்கினார். மறுநாள் காலை மூலத்தாளையும் பெயர்ப்பையும் மூத்த வழக்குரைஞர் முன் வைத்தார். அவர் இரண்டையும் படித்துப் பார்த்து, வரைவில் அப்பத்தியை அடித்துவிட்டு, ''நல்ல வேளை பார்த்தாய் அம்மா'' என்று மட்டும் கூறினாராம். வழக்கு எவ்வாறு முடிந்தது என்பது மாணவிக்குத் தெரியாது. நான்கு வாரம் முடிந்துவிட்டது.

வெல்லுதலும் முறைசெய்தலும்

மூத்தவர் செய்ததே சட்ட நெறியுமாகும். தனியார் வழக்காடுவதுபோல் அரசு எவ்வாறேனும் வெல்லவேண்டும் என்று முனைதல் கூடாது. நேர்மையான கோரிக்கையை நுணுக்கங்காட்டித் தோற்கடித்தல் அரசுக்கு அழகன்று என்னும் கருத்தை நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வலியுறுத்தினார். அரசின் கட்சிக்காரர் பொதுமக்களே என்றால், எதிரே மனுவோடு நிற்கும் மூதாட்டியும் அம்மக்களுள் ஒருவரல்லரோ? இதனைப் பாடநூல் சொல்லித் தரலாம், உணர்த்துவது பயிற்சிக்களமே.

அடக்கமும் அதனோடு கற்கவேண்டியது. கட்சிக்காரர் கூறியதை வழக்குரைஞர் வெளியிடலாகாது என்னும் நெறியை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அவர்தம் எழுத்தர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் விரித்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்நெறியைத் தொடர்கிறது. கோப்பில் கண்டதைத் தேநீர்க் கடையில் பேசும் மாணவர் எத்துணை அறிவுடையவராயினும் அவ்விடத்திற்குத் தகுதியற்றவர்.

முன்னோர் வழி

தமிழும் சட்டமும் கைகோத்தல் புதுமையன்று. 1879இல் வெளிவந்த முதல் தமிழ்ப் புதினத்தின் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, பின்னர் மாவட்ட முனிசீப்பாக விளங்கியவர். ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என நூலாகத் தந்தவரும் அவரே. 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த நாகூர் தந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல், கம்பனில் தோய்ந்த பேரறிஞர் என்பதைத் தமிழுலகம் அறியும். சொல்லை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் இருவர்க்கும் இரு துறையிலும் பயன்பட்டது.

எனவே, நம் மாணவர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: ஆங்கிலத்தை அயராது கற்றல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் தமிழைச் சுமையென இறக்கிவைத்துவிட்டு அவ்வலுவலகப் படியேறாதீர்கள். ஆங்கிலம் நன்கறிந்தோர் அங்கே பலர் இருப்பர். மூதாட்டியின் 'அனுபவம்' யாது என்று அறிந்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவ்வொருவர் நம் துறையிலிருந்து சென்றவராக இருப்பின், நாம் வகுப்பறையில் சொற்பொருள் கூறிய நாட்கள் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.