வெல்லம் போட்ட பருப்பும் விளக்கெண்ணெய் தடவிய கோதுமையும்

"குஜராத்துல எல்லாத்துலயும் சர்க்கரை போடுவாங்களாமே, எப்படித்தான் சாப்பிடுறீங்க?" திருநெல்வேலிப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்காகக் காத்திருக்கும். கல்யாணமாகி அகமதாபாத் வந்த புதிதில் எனக்கும் இதே எண்ணம்தான். நாங்கள் குடியேறிய மணிநகரில் தமிழர்கள் நிறைய என்பதால், சாம்பாரும் ரசமுமாகவே காலத்தை ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். எதிர்வீட்டு பா விடவில்லை. (இங்கே வயதான அம்மாக்களை, பாட்டிகளை எல்லோரும் பா என்றுதான் கூப்பிடுவார்கள்.) அவர் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டும், அவர் அடுப்படியில் நின்றும் நான் பழகியதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வெல்லத்தைப் பற்றி. துவரம்பருப்பில் வெல்லம் போடுவது இனிப்புக்காக அல்ல, புளிப்பின் முனையை மழுக்கத்தான். எலுமிச்சை அல்லது கோக்கம், பச்சை மிளகாய், இஞ்சி, வெல்லம் இந்த நான்கில் எது போட்டிருக்கிறது என்று தனியாகச் சொல்ல முடியாதபடி இருந்தால் பருப்பு சரியாக வந்திருக்கிறது. வாயில் வைத்ததும் இனிப்பு தெரிந்தால் வெல்லம் அதிகம் என்று பொருள். அப்படிப் பார்த்தால் மாநிலம் முழுக்க ஒரே ருசியும் கிடையாது. அகமதாபாத், சூரத் பக்கம் இனிப்பு சற்றுத் தூக்கல். காட்டியாவாடில், அதாவது ராஜ்கோட், ஜூனாகட் வட்டாரத்தில், பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு மிரட்டுவார்கள். அங்கே கத்தரிக்காயைச் சுட்டுச் செய்யும் ஓலோவையும் கம்பு ரோட்டியையும் சாப்பிட்டவர், குஜராத்தி சாப்பாடு என்றால் இனிப்பு என்று இன்னொரு தடவை சொல்லமாட்டார்.

பருப்புக்கு அளவு இது. அரை கப் துவரம்பருப்புக்கு எல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரை கப் தண்ணீர். நம் ஊர்க் கண்ணுக்கு இது ரசம் மாதிரித் தெரியும், பயப்படக் கூடாது. குக்கரில் பருப்பு வேகும்போதே ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி நிலக்கடலையையும் வைத்து வேகவிடுங்கள். வெந்த பருப்பை மத்தால் கடைந்தோ மிக்ஸியில் ஒரு சுற்று விட்டோ மழமழவென்று ஆக்க வேண்டும். பருப்பு அடியிலும் தண்ணீர் மேலுமாகப் பிரிந்து நின்றால் பா அதைப் பருப்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மஞ்சள்தூள், தக்காளி, தட்டிய இஞ்சி, கீறிய மிளகாய், வெல்லம், வேர்க்கடலை எல்லாம் போட்டு நன்றாகக் கொதிக்க விட வேண்டும். நாம் சாம்பாரில் பருப்பைச் சேர்த்ததும் ஒரு கொதியில் இறக்குவோமே, அந்த அவசரம் இங்கே ஆகாது. கால் மணி நேரமாவது கொதித்தால்தான் வெல்லமும் காரமும் ஒன்றுக்குள் ஒன்று போகும். கோக்கம் போடுவதானால் கொதிக்கும்போதே போடலாம். எலுமிச்சை என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும்.

தாளிப்புக்கு இங்கே வகார் என்று பெயர். கடுகு வெடித்தபின் வெந்தயம், சீரகம், ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் பெருங்காயம். துவரம்பருப்பில் பட்டை கிராம்பா என்று நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் அது இல்லாமல் இறங்காது.

பருப்பு ஏன் இவ்வளவு நீர்க்க என்றால், சாப்பிடும் வரிசை அப்படி. முதலில் ரோட்லியும் காய்கறி ஷாக்கும். அதன்பின்தான் சோறும் பருப்பும். சோற்றில் விட்டது போகக் கிண்ணத்தில் இருப்பதைத் தூக்கிக் குடித்துவிடுவார்கள். ஷாக் மெல்லிய ரோட்லியில் அள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் காயைப் பொடியாக நறுக்குகிறார்கள், குழம்பாக விடுவதில்லை.

ஷாக் செய்வதில் இரண்டு விஷயங்களை நம் சமையலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தட்டில் தண்ணீர். காயை வாணலியில் வதக்கி, குழிவான தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். உள்ளே எழும்பும் ஆவி தட்டின் அடியில் பட்டுக் குளிர்ந்து காய் மேலேயே சொட்டும். காயில் தண்ணீர் விடாமல், அடிப்பிடிக்காமல் வேகும். அவரைக்காய், கொத்தவரங்காய், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தட்டுத் தண்ணீர் சூடாகிவிட்டால், தேவைப்படுகிற காய்க்கு அதையே இரண்டு கரண்டி ஊற்றலாம்.

இன்னொன்று, காய்க்குக் காய் தாளிப்பு மாறும். வாயு என்று நினைக்கிற அவரை, கொத்தவரைக்கு ஓமம். பூசணிக்கும் பருப்புக்கும் வெந்தயம். கத்தரிக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் பூண்டு. நாம் எல்லாக் காய்க்கும் கடுகு, உளுத்தம்பருப்பு என்று ஒரே பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறோம். மிளகாய்த்தூளும், தனியா சீரகம் சேர்த்து அரைத்த தனாஜீரு பொடியும் காய் முக்கால் வாசி வெந்தபின்தான் போடுவார்கள். சூடான எண்ணெயில் முதலிலேயே போட்டால் கருகி நிறம் போய்விடும். ஜைன வீடுகளிலும் சுவாமிநாராயண் வழி வந்த வீடுகளிலும் வெங்காயம் பூண்டு கிடையாது. ஜைனர்கள் உருளைக்கிழங்கும் தொடமாட்டார்கள், வாழைக்காய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விருந்துக்குக் கூப்பிடும் முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி ரோட்லி. இதுதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நம் சப்பாத்தியைவிட மாவு இளகலாக இருக்க வேண்டும், காது மடலைத் தொட்டுப் பார் என்பார் பா. பிசைந்தபின் கொஞ்சம் எண்ணெய் தடவி அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். உருண்டை எலுமிச்சையைவிடச் சிறியது. பலகையில் தேய்க்கும்போது நடுவை அழுத்தாமல் விளிம்பை மட்டும் தேய்த்துக்கொண்டு வந்தால் அது தானாகவே சுற்றும். கையால் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் தடித்துப்போகும். தேய்த்ததும் ஒட்டிய மாவைத் தட்டி உதற வேண்டும், இல்லாவிட்டால் அது கல்லில் கருகி அடுத்த ரோட்லியில் கரும்புள்ளியாக ஒட்டும். நன்றாகக் காய்ந்த கல்லில் முதல் பக்கம் சில நொடிதான். சிறு கொப்புளம் எழுந்ததும் திருப்பி, இரண்டாம் பக்கத்தில் புள்ளி விழும்வரை விட்டு, முதல் பக்கத்தை நேரே நெருப்பில் காட்டினால் உப்பும். தீயைக் குறைத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சுட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். மென்மை போய்விட்டது என்று நெய்யை அள்ளிப் பூசிச் சரிக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை. நெய் ஒரு தடவு தடவத்தான்.

அடுத்தது கடி, நம் மோர்க்குழம்பு மாதிரி. அதற்கு ஒரே விதி: கொதி வரும்வரை கரண்டியை நிறுத்தக் கூடாது. ஒரு கப் புளித்த தயிர், இரண்டு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவு. அடுப்பில் ஏற்றும் முன்பே கட்டியில்லாமல் கடைந்துகொள்ள வேண்டும். மஞ்சள்தூள் போடுவதில்லை, குஜராத்திக் கடி வெள்ளையாகத்தான் இருக்கும். இஞ்சி, மிளகாய், கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ, நெய்யில் சீரகம், வெந்தயம், கிராம்பு, பட்டை தாளிப்பு. ராத்திரிக்கு இதோடு பாசிப்பருப்பும் அரிசியும் சம அளவு போட்டுக் குழைய வைத்த கிச்சடி. காய்ச்சல்காரருக்கும் இதுதான், களைத்து வந்தவருக்கும் இதுதான்.

பலகாரங்கள் விஷயத்தில் நான் இங்குள்ளவர்கள் மாதிரியே நடந்துகொள்கிறேன். கடலை மாவில் செய்து பொரிக்கும் ஃபாஃப்டாவைக் கடையில் வாங்குகிறேன். தசரா அன்று காலையில் ஃபாஃப்டா ஜிலேபிக்கு அகமதாபாத் தெருக்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தவருக்கு, அதை யாரும் வீட்டில் போடுவதில்லை என்பது புரியும். வீட்டில் செய்யத் தகுந்தது காமன். தமிழ்நாட்டு இனிப்புக் கடைகளில் டோக்ளா என்று விற்கும் மஞ்சள் பஞ்சு பெரும்பாலும் அதுதான். கடலை மாவுக் கரைசலில் சோடா சேர்த்து ஆவியில் வேகவைப்பது. டோக்ளா என்பது அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைத்த மாவு, இட்லி மாவு அரைக்கிறவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. காமனில் சிலருக்கு ஆங்காங்கே சிவப்புப் புள்ளி விழும். மஞ்சள்தூள் சோடாவோடு சேர்ந்தால் சிவக்கும், அதுதான் காரணம். மஞ்சளைச் சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், சோடாவைக் கரைத்துக் கடைசியில் ஒரே சீராகக் கலந்து உடனே ஆவியில் ஏற்றிவிடுங்கள். வெந்தபின் கடுகு, எள் தாளித்து, அதில் தண்ணீரும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து மேலே ஊற்றினால்தான் தொண்டையில் அடைக்காது.

மிஞ்சியதை என்ன செய்வது என்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. காலைப் பருப்பு மீந்தால் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைத்து, மசாலா போட்டுப் பிசைந்த கோதுமை மாவை மெல்லிசாகத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டிப் போட்டால் தாள் டோக்ளி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு எதுவும் வேண்டாம். துண்டுகளை ஒவ்வொன்றாக, கொதி அடங்காமல் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் ஒரே கட்டி. மீந்த ரோட்லியைப் பிய்த்து மோரில் தாளித்துக் காலைப் பலகாரமாக்குவார்கள், அல்லது கல்லில் துணியால் அழுத்தி அழுத்தி மொறுமொறுப்பாக்கிக் காக்ராவாக டப்பாவில் வைத்துவிடுவார்கள்.

இங்கே வந்து நான் அசந்துபோனது வருடச் சரக்கு வாங்கும் பழக்கத்தைப் பார்த்துத்தான். கோடை தொடங்கியதும் வீடுகளில் கோதுமை வந்து இறங்கும். கணக்கு மண் என்ற அளவில், ஒரு மண் என்றால் 20 கிலோ. சுத்தம் செய்து வெயிலில் காயவைத்த கோதுமையைத் தரையில் விரித்த துணியில் கொட்டி, விளக்கெண்ணெயை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியும் லேசாக மினுங்கும்வரை இரண்டு கையாலும் பிசறிவிடுவார்கள். பூச்சி அண்டாது. துவரம்பருப்புக்கும் அப்படியே. கடைகளில் எண்ணெய் தடவிய துவரம்பருப்பு என்றே தனியாக விற்கும். அதை வாங்கினால் வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசித்தான் ஊறவைக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் வழுவழுப்புப் போகாது. நாட்டிலேயே ஆமணக்கும் நிலக்கடலையும் அதிகம் விளைகிற மாநிலம் என்பதால், தடவ ஒன்று, தாளிக்க ஒன்று என்று இரண்டு எண்ணெயும் வீட்டில் இருக்கும். கடலை எண்ணெயை 15 கிலோ டின்னாகத்தான் வாங்குவார்கள். டின் விலை ஏறினால் அது பத்திரிகையில் செய்தி. கம்பு மாவை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், கம்பில் கொழுப்பு இருப்பதால் அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை எடுத்துவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் மாம்பழச் சாறு இல்லாத சாப்பாடு கிடையாது. அதற்குப் படுவாளி ரோட்லி. இரண்டு சிறு உருண்டைகளைத் தட்டி, ஒன்றின் மேல் எண்ணெய் தடவி மாவு தூவி, மற்றதை அதன்மேல் வைத்து ஒன்றாகத் தேய்ப்பது. கல்லில் சுட்டதும் சூட்டோடு சூடாகத் தட்டிப் பிரித்தால், எதிரே இருப்பது தெரிகிற அளவு மெல்லிய இரண்டு ரோட்லி. சாற்றில் சுக்குப் பொடியும் நெய்யும் போட்டுக்கொள்வார்கள். கொட்டையையும் தோலையும் எறிய மாட்டார்கள். அவற்றைத் தண்ணீரில் கழுவிப் பிசைந்து எடுத்த நீரில் தயிரும் கடலை மாவும் கலந்து கடி வைத்தால் ஃபஜேதோ. மாம்பழப் புளிசேரி சாப்பிட்ட நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும். துருவிய மாங்காயில் சம எடை சர்க்கரையும் உப்பும் மஞ்சளும் கலந்து, பாத்திரத்தின் வாயில் துணி கட்டி வெயிலில் வைத்துச் செய்யும் சுந்தோவும் இந்த மாதத்து வேலைதான். தினம் ஒரு தடவை கிளறி, சர்க்கரை கரைந்து பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்க்க வேண்டும். ஃபிளாட்டில் வெயில் வராதவர்கள் அடுப்பிலேயே காய்ச்சலாம், வருஷம் முழுக்கக் கெடாது. ஆனால் வெயிலில் வைத்ததன் கண்ணாடி நிறம் வராது.

சுந்தோ எதற்கு என்றால் தேப்லாவுக்கு. வெந்தயக்கீரை, கோதுமை மாவு, கொஞ்சம் கடலை மாவு, மஞ்சள், மிளகாய்த்தூள், எள், ஓமம். வீட்டில் சாப்பிடுவதானால் தயிர் விட்டுப் பிசையலாம், மிருதுவாக இருக்கும். பயணத்துக்கு என்றால் தயிரும் வேண்டாம், தண்ணீரும் குறைவாக. எண்ணெயைத் தாராளமாக விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கீரையைக் கழுவி ஈரம் போக உலர்த்திய பிறகே சேர்த்து, இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டுச் சுட வேண்டும். முழுக்க ஆறியபின் அடுக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் வைத்தால் வியர்த்து மறுநாளே ஊசும். அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு வரும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் நாங்கள் இதைத்தான் கொண்டுவருகிறோம். ஊருக்கு வந்து சேர்ந்தபின்னும் நன்றாக இருக்கும், அம்மா வீட்டில் முதலில் காலியாவதும் அந்த டப்பாதான். "இதுல சர்க்கரை போடலையா?" என்று மட்டும் யாராவது கேட்பார்கள்.