மரத்தடியும் பத்திரக்கலவையும்

1987 ஒக்ரோபர் 16 அதிகாலைப் புயலில் கியூ தாவரவியற் பூங்கா ஏறக்குறைய 700 மரங்களை இழந்தது. அங்கே 1798இல் நாட்டப்பட்ட ரேணர் ஓக் மரத்தைக் காற்று வேரோடு தூக்கி, மீண்டும் அதே குழியில் இருத்திவிட்டது. ஊழியர்கள் முண்டு கொடுத்து நிறுத்தினர். மூன்று ஆண்டுகளின் பின் பார்த்தால், முன்பு நலிந்திருந்த மரம் செழித்து நின்றது! பலரும் மிதித்து இறுகிய மண் அன்று நெகிழ்ந்து, வேருக்குக் காற்றும் நீரும் கிடைத்ததே காரணம் என்றனர் பூங்காவினர்.

எமது கோயில் வாகனத் தரிப்பிடத்தோர மரங்களும் திருவிழாக்காலத்தில் மிதிபடுபவையே. அவற்றுக்குப் புயல் தேவையில்லை, பத்திரக்கலவை போதும். ஊரில் தென்னையடியில் பொச்சுமட்டை பரப்புவோமே, அதே முறைதான். இங்கு மரச்சீவல். மரம் வெட்டுவோர் சிலர் இலவசமாகவே தருவர் (கணக்காளனுக்கு வேறென்ன வேண்டும்!).

குளிர்காலக் கடைசியில், மண் ஈரமாயிருக்கையில், புல்லை அகற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். கிளை விரிந்த எல்லைவரை போட்டால் மிக நன்று. மண்ணோடு கிளறிக் கலக்க வேண்டாம். கலந்தால் சீவல் உக்கும்போது மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும்.

அன்பர்கள் பலர் அடிமரத்தைச் சுற்றிப் பாம்புப் புற்றுப்போலக் குவிக்கிறார்கள். பட்டை ஓயாது நனைந்து அழுகும். குவியலுக்குள் ஓடும் வேர் மரத்தையே சுற்றி நெரிக்கும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் விடவேண்டும். ஏற்கெனவே குவித்திருந்தால், வேர் பிரிந்து விரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை கையால் விலக்கிவிடுங்கள்.